கீழ வந்துகினு கீறோம்

ரோஸ்மலரின் முதல் தனி ஆல்பம் வெளியான வெள்ளிக்கிழமை காலையில், மலர்ச்சோலைக் குடியிருப்பின் நாற்பத்தோராம் பிளாக் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் சகாயமேரி, பெட்டிக்குள் கரி இன்னும் பற்றாததால் சும்மா நிற்பானேன் என்று காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எட்டுப் பாட்டையும் ஒன்றுவிடாமல் கேட்டு முடித்துவிட்டு, சுருக்கத்தை நீவிவிடலாம் என்று ஒரு வெள்ளைச் சட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சட்டை மொடமொடவென்று விறைத்து, கல்யாணத்துக்குப் புறப்பட்ட சட்டைபோல ஆகிவிட்டது. கையைத் திருப்பிப் பார்த்தாள். கை எப்போதும்போலத்தான் இருந்தது. அடுத்த சட்டையை எடுத்தாள். மத்தியானத்துக்குள் வண்டியில் குவிந்திருந்த துணியெல்லாம் தீர்ந்துபோக, கரியைச் சாக்கில் கட்டி வண்டிக்கடியில் தள்ளிவிட்டு, "இன்னிக்கி வேலை சுருக்கா முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

மலர்ச்சோலையில் மலரும் இல்லை, சோலையும் இல்லை. ஊருக்குள் ஆற்றங்கரையில் இருந்தவர்களை ஒரு மழைக்காலத்தில் லாரிகளில் ஏற்றி, கட்டில், கோழிக்கூடு, சாமி படம், நாய் எல்லாவற்றோடும் கொண்டுவந்து, நகரம் முடிந்து வெகுதூரம் கழித்து, ஏரியைத் தூர்த்த இடத்தில், எட்டெட்டு மாடியாக அடுக்கியிருந்த பெட்டிகளுக்குள் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் மாடிக்கு மாடி லிஃப்ட் கதவு இருந்தது. ஒவ்வொரு கதவிலும் 'பழுது, விரைவில் சரிசெய்யப்படும்' என்று ஒரு பலகை தொங்கியது. வந்து இறங்கிய அன்றைக்கே தொங்கிய பலகை அது. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகின. அங்கே 'ப' என்றால் பழுது.

நாற்பத்தோராம் பிளாக்கின் எட்டாம் மாடியில் ரோஸ்மலர் தன் அக்கா ஜான்சியோடும் அக்கா புருஷன் தனசீலனோடும் இருந்தாள். தாயும் தகப்பனும் போன வீட்டில் தலைவாரிவிட்டதும் பள்ளிக்கு அனுப்பியதும் வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியதும் ஜான்சிதான். ஜான்சிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் உறிஞ்சும் மருந்தும் கேட்காமல் இழுப்பு ஏறிக்கொண்டே போனபோது, தனசீலன் அவளைத் தோளில் சாத்திக்கொண்டு கிழக்குப் படியில் இறங்கினான். கீழே ஆம்புலன்ஸ் வந்துவிட்டிருந்தது. "கீழ வந்துகினு கீறோம் சார், கீழ வந்துகினு கீறோம்" என்று ரோஸ்மலர் மாடிக்கு மாடி போனில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். போனில் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது. ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேரும் நல்லவர்கள்; காத்துக்கொண்டு நிற்க மனமில்லாமல் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மேற்குப் படியில் ஏறினார்கள். இரண்டாம் மாடி வளைவில் ஜான்சியின் மூச்சு நின்றபோது, சிலிண்டர் ஆறாம் மாடியில் இருந்தது.

ரோஸ்மலர் அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் அப்போது 'ஆத்தோரப் பசங்க' என்ற ராப் கோஷ்டியில் இருந்தாள். நான்கு ஆண்கள் மூச்சுமுட்டப் பேசுவார்கள், நடுவில் அவள் இரண்டு வரி இனிமையாக இழுப்பாள், அதுதான் அவள் வேலை. காரியம் முடிந்த கையோடு தான் கட்டிய வரிகளைக் கொண்டுபோய்க் கோஷ்டித் தலைவன் லோகுவிடம் பாடிக் காட்டினாள். லோகு கண்ணை மூடிக் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை, சாவு வீட்டில் பந்தல் போட்டதே அவன்தான்.

"மனசு கஷ்டமா கீது ரோஸு. ஆனா இத்த ராப்பாப் போடாத. கானாவா மாத்திக் குடு, நான் அழுதுகினே பாடறேன், ஊரே அழும். ஒரு பொண்ணு இப்டிக் கத்துனா எவன் ஒக்காந்து கேப்பான்?"

"அழுறதுக்கு எழுதல லோகு."

"பின்ன?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். நேராகப் பெனாசிரின் தையற்கடைக்குப் போனாள். பெனாசிர் பகலில் ஜாக்கெட் தைப்பவள், மிச்ச நேரத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் பீட் கட்டுபவள், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. கடையின் நாலு சுவரிலும் நைட்டிகளை நெருக்கித் தொங்கவிட்டுச் சத்தம் வெளியே போகாமல் செய்தாள். தையல் மெஷினின் மோட்டாரைப் பிடித்து அதையே தாளமாக்கினாள். எட்டு மாடிக்கு எட்டுப் பாட்டு. 'எட்டு' என்று ஆரம்பித்து, 'ஏழு', 'ஆறு' என்று இறங்கி, 'ஒண்ணு' என்று முடிகிற ஆல்பம்.

"எட்டுல இழுக்குது மூச்சு, எவன் கேட்டான் எங்க பேச்சு,
ஏட்டுல ஓடுது லிஃப்டு, எங்கக்கா போயாச்சு"

என்று அது தொடங்கியது. 'ரெண்டு' என்ற பாட்டில் தாளமே கிடையாது. ஒரே வாக்கியம், நடுவில் மூச்செடுக்காமல், அக்கா எந்த மூச்சைத் தேடிக்கொண்டு இறங்கினாளோ அந்த மூச்சைத் தானும் எடுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள்போல, கண் சிவந்து கழுத்து நரம்பு புடைக்க ரோஸ்மலர் அதைப் பாடி முடித்தபோது, மைக்குக்குப் போட்டிருந்த பஞ்சுத்தொப்பி உருகி மேசையில் சொட்டியிருந்தது. பெனாசிர் அதைத் துணியால் துடைத்துவிட்டு, "இன்னொரு டேக் வேணாம், இதான்" என்றாள். ஆல்பத்துக்கு 'கீழ வந்துகினு கீறோம்' என்று பெயர் வைத்தார்கள்.

சகாயமேரிக்கு வந்த சூடு அன்று சாயங்காலமே பிளாக் முழுக்கப் பரவியது, மறுநாள் மற்ற பிளாக்குகளுக்கும் போயிற்று. அதற்கு ஒரு முறை இருந்ததை ஜனங்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். எட்டிலிருந்து ஒன்றுவரை தாண்டாமல் கேட்கவேண்டும். பிடித்த பாட்டை மட்டும் கேட்டவர்களுக்கு உடம்பில் வேர்க்குருதான் வந்தது. ஆணோ பெண்ணோ கணக்கில்லை, ஆனால் தண்ணீர்க்குடத்தோடு மாடி ஏறி இறங்கியவர்களுக்குச் சூடு நின்று தங்கியது. அப்புறம் யாரும் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். வலது உள்ளங்கையில் மாவை ஊற்றி இடது கையால் மூடித் தோசை வார்த்தார்கள். காயாத பள்ளிச் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு ஒருதடவை கட்டிப்பிடித்து அனுப்பினார்கள். மூட்டுவலிக்காரர்கள் பக்கத்துவீட்டு மருமகளைக் கூப்பிட்டு முழங்காலில் கைவைக்கச் சொன்னார்கள். மூன்றாம் மாடியில் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கக் கையோங்கிய ஒருவனின் மணிக்கட்டை அவள் சும்மா பிடித்தாள், பிடித்தபடியே 'அஞ்சு' என்ற பாட்டை முணுமுணுத்தாள். அதற்கப்புறம் அவன் வெயில்காலத்திலும் முழுக்கைச் சட்டைதான். பாஸ்டர் இது பெந்தெகொஸ்தே அக்கினி என்றார். பூசாரி, அம்மன் இறங்கியிருக்கிறாள், கூழ் ஊற்றியே ஆகவேண்டும் என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத், பாட்டைப்பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, சூடு ஆண்டவன் கொடுத்தது என்றார். மூன்று இடத்திலும் அந்த வாரம் கூட்டம் ஜாஸ்தி.

வெளியூர்களுக்கும் பாட்டு போனது. திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்கள் ஷிஃப்ட் முழுக்க அதைக் கேட்டு ஊசி நூலெல்லாம் பொசுங்கிப்போனதாகச் சேதி வந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து பாட்டுகளுக்கு மார்க் போடுகிற ஒரு இளைஞன், வரிகள் பரவாயில்லை, ஆனால் ஒரே கோபம், ஒரு பெண் குரலில் கொஞ்சம் நளினம் எதிர்பார்க்கிறோம் அல்லவா என்று வீடியோ போட்டான். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ரோஸ்மலரின் நிறத்தைப்பற்றியும் அவள் குடும்பத்தைப்பற்றியும் எழுதினார்கள். ஒரு லவ் சாங் வைத்திருக்கலாமே என்று லோகுவே ஒரு பேட்டியில் வருத்தப்பட்டான்.

ரோஸ்மலருக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சம்தான். அதைவிடப் பெரிய கோபம் சொந்தப் பிளாக்கின் படியில் இறங்கும்போதெல்லாம் வந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவுக்குள் அவள் குரல் கேட்கும். அக்கா எந்த மாடியில் எப்படித் தவித்தாள் என்று அவள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதன்மேலேயே தாளிக்கிற சத்தம் கேட்கும், சிரிப்பு கேட்கும், "'நாலு' வந்துடுச்சா பாரு, நாலு வந்தா மீன் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

இதற்கிடையே பராமரிப்பு ஆபீஸிலிருந்து பொறியாளர் கஜபதி வந்தார். நெற்றிக்கு நேரே நீட்டிச் சூடு பார்க்கிற கருவியை ஜனங்களின் உள்ளங்கையில் காட்டி, எண்ணைக் கண்டதும் தலையாட்டிக்கொண்டார். ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை. சில நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது: இக்குடியிருப்பினர் தன்வெப்பம் உடையோர் என்று கண்டறியப்பட்டுள்ளதால், மாலை நேர மின்சாரம் தேவைக்கேற்பக் குறைக்கப்படும், சமையல் எரிவாயு மானியம் மறுபரிசீலனை செய்யப்படும், மேற்படியாரின் உடல் ஆற்றலைக் கருத்தில் கொண்டு அனைத்துப் பிளாக்குகளின் லிஃப்ட் பணிகளும் ஒத்திவைக்கப்படுகின்றன. ஆனாலும் பாட்டு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் நாற்பத்தோராம் பிளாக்குக்கு மட்டும் லிஃப்ட் உண்டு என்று முடிவாகி, ஆட்கள் வந்து பலகையைக் கழற்றி, கதவுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, பக்கத்தில் அம்புக்குறி போட்ட பொத்தானும் வைத்து, திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டுப் போனார்கள்.

கஜபதி எட்டாம் மாடிவரை ஏறமுடியாமல் ரோஸ்மலரைக் கீழ்த்தள அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லாப் பாடறியாம்மா. விழாவுல நீதான் பாடணும். ஆனா அந்தப் பாட்டு வேணாம். லோகுங்கற தம்பி அதையே கொஞ்சம் ஜாலியா மாத்திக் கொடுத்திருக்காரு. 'மேல போய்க்கினு கீறோம்'னு. பாசிட்டிவா இருக்கு."

"எங்கக்கா பேரு அதுல வருதா சார்?"

"நல்ல நாள்ல எதுக்கும்மா அதெல்லாம்?"

அவள் அவருடைய மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். பிளாஸ்டிக் மேசை மெல்ல உள்வாங்கியது. கஜபதி கோப்புகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "யோசிச்சு சொல்லு" என்றார்.

அவள் வெளியே வந்தபோது இஸ்திரி வண்டியைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். சகாயமேரி ஒரு நூல்புடவையின் கரையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, "லிஃப்ட் வருதாமே? பாடிட்டுப் போயேன் ரோஸு, வாய் இன்னா தேஞ்சா பூடும்?" என்றாள்.

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் பொங்கிவிட்டது.

"நான் இன்னாத்துக்குப் பாடுனேன்னு உங்கள்ல ஒருத்திக்காவது தெரியுமா? எங்கக்கா செத்த பாட்டுல மீன் வறுக்கிறீங்க! துணி தேய்க்கிறீங்க! அவ மூச்சு நின்ன எடத்துல நின்னுகினு கீரவடைக்கு மாவு தட்டுறீங்க! உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லியா?"

சகாயமேரி புடவையை நிதானமாக மடித்து வைத்தாள்.

"கத்தி முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்பால கத்து. இப்போ நான் சொல்றத கேளு. உங்கக்காவ எறக்கசொல்ல நான் இங்கதான் நின்னேன். என் கையில இஸ்திரிப்பொட்டி. ஒண்ணும் பண்ண முடியல. அன்னிலேர்ந்து எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கரி பத்திகினே கெடந்துச்சு, எங்க வெக்கிறதுன்னு தெரியல. நீ பாடுன, கையில எறங்குச்சு. கோவத்த வெச்சுகினு நாங்க இன்னா செய்யணும்ன்ற? காலையில எழுந்தா புள்ளைக்கு சோறு பொங்கணும், துணி தேய்க்கணும். அத்தயும் கோவத்துலயே செய்றோம். ஒனக்கு எட்டுப் பாட்டும் மனப்பாடம். எங்களுக்கும்தான். கேளு, எதுலேர்ந்து சொல்லணும்?"

சூடான புடவையிலிருந்து கஞ்சிவாசம் வந்தது. "நான் பாட மாட்டேன்" என்று மட்டும் ரோஸ்மலர் சொன்னாள். "பாடாத. யாரு கெஞ்சுனா?" என்றாள் சகாயமேரி.

விழாவன்று பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். தலைமை விருந்தினராக வந்திருந்த பெரிய மனிதர் வெள்ளை வேட்டியில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். லோகு கோஷ்டியோடு மேடையில் நின்று 'மேல போய்க்கினு கீறோம்' பாடினான். கேட்டவர்களுக்குக் கை வெதுவெதுவென்றுகூட ஆகவில்லை. தலைமை விருந்தினர் ரிப்பனை வெட்டினார், எல்லாரும் கைதட்டினார்கள். அவர் காரைப் பார்த்துத் திரும்பியபோது, பந்தல் ஓரத்தில் தனசீலனோடு நின்றிருந்த ரோஸ்மலர் முன்னால் வந்தாள்.

"சார், ஒருதபா மேல போய்ட்டு வந்துடுங்க."

கஜபதி குறுக்கே வந்தார். "டெஸ்டிங் இன்னும் முடியலம்மா. கரன்ட் கனெக்‌ஷன் நாளைக்கு..."

"அப்போ இன்னாத்த தெறந்தீங்க?"

"அது ஒரு முறைக்கு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சகாயமேரி கதவருகே போய்விட்டாள். பொத்தானை அமுக்கினாள். அது சுவரிலிருந்து பெயர்ந்து அவள் கையோடு வந்தது. பின்னால் ஒயர் இல்லை. அவள் அதைக் கஜபதியின் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வெள்ளிப் பெயின்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பெயின்ட் கொப்புளித்தது. மூன்றாம் மாடிக்காரி வந்து பக்கத்தில் கைவைத்தாள். ஆறாம் மாடிக்காரிகள் வந்தார்கள், ஐந்தாம் மாடிக்காரிகள் வந்தார்கள், பெனாசிர் வந்தாள், தனசீலன் வந்தான், தோசை சுட்ட கைகளும் மீன் வறுத்த கைகளும் பிள்ளைகளின் சட்டையை உலர்த்திய கைகளும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அந்தக் கதவை மூடி மறைத்தன. ஒருத்தி 'எட்டு' என்று ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, மைக்கும் தாளமும் இல்லாமல், கொல்லர் பட்டறையில் துருத்தி ஊதுவதுபோல ஒரே சீராக அவர்கள் மாடி மாடியாக இறங்கினார்கள். 'அஞ்சு' வந்தபோது இரும்பு சிவந்தது, 'மூணு' வந்தபோது நடுவில் தொய்ந்தது, பிறகு வெல்லப்பாகுபோல இரண்டு பக்கமும் வழிந்து விலகியது.

உள்ளே லிஃப்ட் இல்லை. பழுதான லிஃப்ட்கூட இல்லை. கம்பி இல்லை, கயிறு இல்லை, பெட்டி இல்லை. கட்டிய நாளிலிருந்து யாரும் எதையும் வைக்காத ஒரு வெற்றுக்குழி, அடியில் சிமென்ட் மூட்டைச் சாக்குகளும் புறா எச்சமும், எட்டு மாடிக்கு மேலே ஒரு துண்டு வானம். அவ்வளவுதான் இத்தனை வருஷமாகப் பழுதாகிக் கிடந்தது.

தலைமை விருந்தினர் கஜபதியைப் பார்த்தார், கஜபதி தரையைப் பார்த்தார். தனசீலன் மட்டும் தலையை நீட்டி மேலே பார்த்து, "இது வழியா கயிறு கட்டி எறக்கியிருந்தாகூட எறக்கியிருக்கலாமேடா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து, சாவு வீட்டில்கூட அழாத அழுகையை அழுதான்.

ரோஸ்மலர் குழிக்குள் இறங்கினாள். நிமிர்ந்து அந்தத் துண்டு வானத்தைப் பார்த்தாள். பெண்கள் 'மூணு' என்ற பாட்டோடு நிறுத்தியிருந்தார்கள். அடுத்ததை அவளுக்கென்று விட்டிருந்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு 'ரெண்டு' என்ற பாட்டை எடுத்தாள். அந்த ஒரே வாக்கியம், மூச்சு விடாத அந்த நீண்ட வாக்கியம், குழியின் நாலு சுவரிலும் மோதி மோதி எழும்பி, ஒவ்வொரு மாடியிலும் அடைத்துக் கிடந்த கதவின் இடுக்கு வழியாகப் புகுந்து, விழாவுக்கு வரமுடியாமல் படுத்துக்கிடந்தவர்களின் கட்டில்வரை போயிற்று. தலைமை விருந்தினர் காருக்குப் போக நினைத்தார். சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள், தடுக்கவில்லை, திட்டவில்லை, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மாதான் நின்றிருந்தார்கள். அந்தக் கைகளுக்கு நடுவே புகுந்து போகிற தைரியம் அவருக்கு வரவில்லை. பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். ஜான்சியின் பெயரை அதில் எத்தனைமுறை கேட்டாரோ, வீட்டுக்குப் போனபிறகும் அவருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

கஜபதியை அந்த மாதமே வேறிடத்துக்கு மாற்றினார்கள். சுற்றறிக்கை ரத்தாயிற்று, மின்சாரம் திரும்பி வந்தது. லிஃப்ட் பெட்டி வந்து சேர இன்னும் ஒரு மழைக்காலம் ஆனது. ஆனாலும் வந்தது, எல்லாப் பிளாக்குக்கும் வந்தது, திறப்பு விழா எதுவும் இல்லாமல். சூடு அப்போதும் தணியவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ரோஸ்மலர் குழியிலிருந்து கையூன்றி ஏறி வந்தபோது, குரல் போய், முகமெல்லாம் புறா எச்சமாக இருந்தாள். லோகு ஓடிவந்தான்.

"ரோஸு, உள்ள அந்த எக்கோ செம்மையா கீது. இங்கயே ரெண்டாவது ஆல்பம் ரெக்கார்ட் பண்ணிடலாம். நான் கூட நிக்கிறேன்."

"நீ போய்ப் பந்தலப் பிரி லோகு" என்றாள், காற்றாக வந்த குரலில்.

சகாயமேரி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்தச் சூட்டில் எச்சம் காய்ந்து உதிர்ந்தது. பின்னால் பெண்கள் கூட்டம் கலையாமல் நின்றது. மற்ற பிளாக்குகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"பாட்டு முடிஞ்சிதா?" என்று சகாயமேரி கேட்டாள்.

"'ஒண்ணு' பாக்கி கீதுக்கா."

"அத்த நடந்துகினே பாடிக்கலாம். மெயின் ரோட்டுல நம்ம ஆஸ்பத்திரின்னு பேரெழுதி ஒரு கட்டடம் பூட்டியே கெடக்குதே, டாக்டர் லீவுன்னு சொல்லிகினு. உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்துடலாம், வா."

அவர்கள் நடந்தார்கள். மத்தியான வெயிலில், புடவைகளில் பட்டுவிடாமல் கைகளை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு.